வேலூர் வெயிலில் ஓடும் ஆட்டோமேட்டிக் கார்: கியர் ஆயில் எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது

கார் வாங்கும்போது கூடவே ஒரு கையேடு கொடுப்பார்கள். பெரும்பாலும் அது டாஷ்போர்டு பெட்டிக்குள் இன்சூரன்ஸ் காகிதத்துக்கு அடியில் கிடக்கும். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அதை எடுத்துப் பராமரிப்பு அட்டவணையைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கையேடுகளில் அட்டவணை இரண்டு இருக்கும். முதலாவது சாதாரண ஓட்டத்துக்கு. அதில் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு நேராகப் பல கார்களில் 'மாற்றத் தேவையில்லை' என்று இருக்கும். அதோடு மூடி வைத்துவிடாதீர்கள். அடுத்த பக்கம் கடினமான ஓட்டத்துக்கானது. எது கடினமான ஓட்டம் என்பதையும் அங்கேயே சொல்லியிருப்பார்கள்: அடிக்கடி குறைந்த தூரம் போவது, புழுதிச் சாலை, மலைப்பாதை, நின்று நின்று நகரும் நெரிசல். சில கையேடுகள் இன்னும் துல்லியமாக, '32 டிகிரிக்கு மேல் வெப்பம் உள்ளபோது நெரிசலில் ஓட்டுவது' என்றே எழுதியிருக்கின்றன.

32 டிகிரி! நம் ஊரில் கோடைக்காலத்தில் காலை டிபன் முடித்து வெளியே வருவதற்குள் அதைத் தாண்டிவிடும். அக்னி நட்சத்திரத்தில் 40-ஐக் கடப்பது நமக்குச் செய்தியே இல்லை. அந்த வெயிலில் கிரீன் சர்க்கிளில் நிற்கிறோம், காட்பாடி மேம்பாலத்தில் ஊர்கிறோம், சிஎம்சி பக்கம் போனால் நடந்து போகிறவர்களே நம்மைத் தாண்டிப் போகிறார்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் ஆட்டோமேட்டிக் ஓட்டுகிற அத்தனை பேரும் அந்த இரண்டாவது அட்டவணைக்காரர்கள்தான். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். அதனால்தான் புதிதாக வண்டி வாங்குகிறவர்களிடமெல்லாம் இதை முதலில் சொல்கிறேன்.

அந்த ஆயில் அங்கே என்ன வேலை செய்கிறது?

மேனுவல் கியர்பாக்ஸில் ஆயில் இருப்பது பற்சக்கரங்கள் தேயாமல் இருக்க. ஆட்டோமேட்டிக்கில் அதே ஆயிலுக்கு நான்கு வேலை. இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்துவதே அதுதான். டார்க் கன்வெர்ட்டர் என்கிற வட்டப் பாத்திரத்துக்குள் இரண்டு விசிறிகள் எதிரெதிரே இருக்கும். ஒன்றை இன்ஜின் சுற்றும். அது தள்ளுகிற ஆயில் போய் அடித்து மற்றொன்றைச் சுற்றவைக்கும். கியரை மாற்றுவதற்கான அழுத்தமும் ஆயிலால்தான். உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் எவ்வளவு பிடிக்க வேண்டும், எவ்வளவு நழுவ வேண்டும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. இதையெல்லாம் செய்யும்போது கிளம்பும் சூட்டை ரேடியேட்டர் பக்கம் கொண்டுபோய் ஆற்றிக்கொண்டு வருவதும் அதன் வேலை.

சாதாரண ஓட்டத்தில் இந்த ஆயில் 80, 90 டிகிரியில் இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கைக்கணக்கு. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். குடும்பத்தோடு ஐந்து பேர், ஏசி முழு வேகத்தில், முன்னால் ஒரு பஸ் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கிறது. கன்வெர்ட்டருக்குள் இரண்டு பக்கமும் சேர்ந்து பூட்டிக்கொள்கிற வேகத்தை வண்டி எட்டவே எட்டாது. விசிறிகள் நழுவிக்கொண்டே இருக்கும், நழுவுகிற அளவு சூடாகும். ஆம்பூர் வரை நெடுஞ்சாலையில் 90-இல் போவதைவிட அந்தப் பன்னிரண்டு, பதினான்கு கிலோமீட்டர் ஆயிலை அதிகம் வாட்டும்.

சிலர் 'இது வாழ்நாள் முழுக்க வரும் ஆயில்' என்பார்கள். உலகின் பல முன்னணி கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, தன் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. செய்தவர்களே மாற்று என்கிறபோது வாழ்நாள் கணக்கை நான் நம்புவதில்லை.

முதலில் உங்கள் கியர்பாக்ஸ் எது என்று தெரிய வேண்டும்

கிளட்ச் பெடல் இல்லை என்பதால் எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றாகிவிடாது. டார்க் கன்வெர்ட்டர் உள்ளது ஒரு வகை. இதில் ஊற்றுவதுதான் ஏடிஎஃப் என்கிற சிவப்பு ஆயில். சிவிடி இரண்டாவது, இதில் பற்சக்கரப் படிகள் இல்லை, இரண்டு புல்லிகளுக்கு நடுவே எஃகு பெல்ட் ஓடும், அதற்கு என்று தனி ஆயில். இரட்டை கிளட்ச் உள்ள டிசிடி மூன்றாவது, ஈர கிளட்ச், உலர் கிளட்ச் என்று அதிலும் இரண்டு. நான்காவது ஏஎம்டி, 2014-இல் செலேரியோவில் வந்ததே, அது. உண்மையில் அது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை நமக்குப் பதிலாக ஓர் இயந்திரக் கை மிதிக்கிறது. அதில் சாதாரண கியர் ஆயிலும், அந்தக் கையை இயக்கத் தனியே கொஞ்சம் திரவமும் இருக்கும்.

இந்தக் கட்டுரை டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கு. சிவிடிக்கும் பெரும்பாலான படிகள் பொருந்தும், ஆயில் மட்டும் வேறு. உலர் கிளட்ச் டிசிடி என்றால் நீங்களாகக் கை வைக்காதீர்கள். அதை அறிந்தவரிடம் விடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குடியாத்தத்தில் இருக்கும் எங்கள் சித்தப்பாவின் கார் சிவிடி. வழக்கமாக விடுகிற இடத்தை விட்டு வேறொரு இடத்தில் சர்வீஸ் செய்தார். இரண்டு வாரம் கழித்து போன்: "டேய், வண்டி ஊளையிடுது, என்னன்னு வந்து பாரு." போனேன். ஆக்சிலரேட்டரை மிதித்தால் மிக்சி ஓடுவது போல ஒரு இரைச்சல், கிளம்பும்போது ஒரு உதறல். பில்லை வாங்கிப் பார்த்தால் அதில் ஏடிஎஃப் என்று எழுதியிருந்தது. சிவிடியில் எஃகு பெல்ட் புல்லியை நழுவாமல் பிடிக்க வேண்டும். அதற்கான ஆயில் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே பிடிமானம் கொடுக்கும்படி செய்தது. ஏடிஎஃப் கிளட்ச் தகடுகளுக்காகச் செய்தது. மூன்று முறை வடித்துச் சரியான ஆயில் ஊற்றினோம். இரைச்சல் குறைந்தது. பழைய மென்மை இன்றுவரை முழுசாகத் திரும்பவில்லை. அவர் அந்தக் காரை எவ்வளவு ஆசையாக வாங்கினார் என்று எனக்குத் தெரியும். இப்போதும் நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஆயிலில் கலந்திருக்கும் அந்தப் பிடிமானச் சேர்மானம் எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ஏடிஎஃப்பில் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயைச் சேர்த்துவந்தார்கள். திமிங்கலங்களைக் காக்க அதைத் தடை செய்த பிறகு, அதே குணமுள்ள மாற்றுப்பொருளைத் தேடி வேதியியலாளர்கள் பெரும்பாடு பட்டார்கள். ஒரே ஒரு சேர்மானத்துக்கே அந்தப் பாடு என்றால், கைக்குக் கிடைத்த சிவப்பு ஆயிலை ஊற்றுவது எப்படிச் சரியாகும்?

ஆகவே கையேட்டில் உள்ள குறியீட்டையே கேட்டு வாங்குங்கள். ஹூண்டாய், கியாவின் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர்களுக்கு எஸ்பி-4, இன்னோவா கிரிஸ்டாவுக்கு டொயோட்டா டபிள்யூஎஸ், ஹோண்டா சிட்டி சிவிடிக்கு எச்சிஎஃப்-2 என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு. வேறு கம்பெனி ஆயில் வாங்கினால் டப்பாவின் பின்புறம் உங்கள் குறியீடு அச்சாகியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். 'எல்லா வண்டிக்கும் போடலாம் சார்' என்று கடைக்காரர் வாயால் சொல்வது போதாது. சில்லறையாக அளந்து தருவதை வாங்கவே வேண்டாம். சீல் உடையாத டப்பாதான்.

எப்போது மாற்றுவது

கையேட்டின் இரண்டாவது அட்டவணையில் எண் இருந்தால் அதுவே வேதம். எண் பெரிதாக இருந்தாலோ இல்லாமலே இருந்தாலோ, நம் வட்டாரத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: டார்க் கன்வெர்ட்டருக்கு 60,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து ஆண்டு, சிவிடிக்கு 40,000 முதல் 50,000. வாரம் ஒருமுறை பெங்களூரோ சென்னையோ நெடுஞ்சாலையில் மட்டும் போய் வருகிற வண்டி என்றால் இன்னும் இருபதாயிரம் தள்ளிப் போடலாம். தினமும் சத்துவாச்சாரியிலிருந்து தொரப்பாடி வரை பள்ளிக்கூட நேரத்தில் ஓடுகிற வண்டி என்றால் தள்ளிப் போடாதீர்கள்.

கிலோமீட்டர் ஆவதற்கு முன்பே வண்டி சில சமயம் சொல்லிவிடும். பி-யிலிருந்து டி-க்கோ ஆர்-க்கோ போட்டதும் ஒரு நொடி யோசித்துவிட்டு 'டக்' என்று இழுத்தால் கவனியுங்கள். வண்டி வேகம் ஏறாமல் இன்ஜின் மட்டும் உறுமினால் கவனியுங்கள். 50, 60 வேகத்தில் லேசாக மிதித்துப் போகும்போது வேகத்தடைக் கோடுகள் மேல் போவது போல ஒரு நடுக்கம் வந்தால், அது கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளும்போது ஆயில் பிடிமானம் இழந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். வண்டி நின்ற இடத்தில் சிவப்புப் பொட்டு தெரிந்தால், மாற்றுவதற்கு முன் கசிவைப் பாருங்கள்.

நிறமும் பேசும். புது ஏடிஎஃப் ரோஸ் சிரப் மாதிரி பளிச்சென்று சிவந்திருக்கும். நன்னாரி சர்பத் நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். கடுங்காப்பியாகி, முகர்ந்தால் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தகடுகள் கருகியிருக்கின்றன. ரோஸ்மில்க் மாதிரி வெளிறிப் பால் கலந்தது போல் இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது; உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அது இரண்டு வழியில் போகும். ஒன்று வெள்ளம்: 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதே, அதுபோன்ற சமயத்தில் வண்டி முங்கினால் கியர்பாக்ஸின் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கும். மற்றொன்று ரேடியேட்டர். பல வண்டிகளில் கியர் ஆயிலை ஆற்றும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். கூலன்ட் வாங்கச் சோம்பல்பட்டு, நம் ஊர் உப்புப் போர்த்தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றினால் அந்தக் குழாய் அரித்துப்போய் இரண்டும் கலந்துவிடும். ரேடியேட்டரைப் பார்த்துக்கொள்வதும் கியர்பாக்ஸைப் பார்த்துக்கொள்வதுதான்.

ஒன்றரை லட்சம் ஓடிய வண்டி, ஒருமுறையும் ஆயில் மாற்றியதில்லை. இதற்கு என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 'இப்போது மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்' என்று அவர்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அதில் பாதி உண்மை. ஏற்கெனவே நழுவுகிற கியர்பாக்ஸை எந்தப் புது ஆயிலும் குணமாக்காது. அந்த நிலையில் மாற்றி, பிறகு கெட்டால் பழி ஆயில் மேல் விழும். ஆனால் வண்டி நன்றாக ஓடுகிறது, ஆயில் மட்டும் பழசு என்றால் மாற்றத்தான் வேண்டும். அழுத்தம் கொடுத்துக் கழுவும் மெஷினில் மட்டும் விடாதீர்கள். பாதி பாதியாக வடித்து ஊற்றுவதே பத்திரம்.

பாதி பாதி என்றால் என்ன கணக்கு

இன்ஜின் ஆயிலைப் போல இதை முழுசாக வடிக்க முடியாது. ஏழு லிட்டர் பிடிக்கிற கியர்பாக்ஸில் அடிப் போல்ட்டைக் கழற்றினால் மூன்றரை, நான்கு லிட்டர்தான் வரும். மீதி கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். ஒருமுறை மாற்றினால் பாதி புதுசு. ஐந்நூறு, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றினால் முக்கால் பங்கு புதுசு. மூன்றாம் முறை செய்தால் ஏறத்தாழ 87 சதவீதம். என் கணக்கில் இரண்டு முறை போதும். ரொம்பப் பழசான ஆயிலுக்கு மட்டும் மூன்று. ஆக, ஏழு லிட்டர் வண்டிக்கு எட்டு லிட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டியில் இருக்கிற வண்டியை நீங்களே பிரிக்க வேண்டாம். கம்பெனி சர்வீஸில் கொடுத்து, எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அப்போதும் கீழே சொல்லும் படிகள் தெரிந்திருந்தால் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம்

தேவையானவை: வடிகிற ஆயிலைப் பிடிக்க அகலமான தட்டு, அளக்க ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் நான்கைந்து, ஒரு மீட்டர் ஹோஸ் மாட்டிய புனல், சரியான அளவு சாக்கெட்டுகள், எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச், ஒவ்வொரு போல்ட்டுக்கும் புது வாஷர், கையுறை, நூல் பிரியாத சுத்தமான துணி. பட்டறைகளில் கை துடைக்கிற பனியன் வேஸ்ட்டைக் கியர்பாக்ஸ் பக்கமே கொண்டுவராதீர்கள். அதிலிருந்து பிரிகிற ஒரு நூலிழை உள்ளே போய் வால்வில் சிக்கினால் கியர் விழாது. இவற்றோடு, வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கும் ஒரு ஓபிடி ஸ்கேனரும் வேண்டும். காருக்குள் ஸ்டீயரிங்குக்குக் கீழே மாட்டி போனில் பார்க்கிற சின்ன ப்ளூடூத் வகையே போதும், அது கியர் ஆயிலின் வெப்பத்தைக் காட்டுகிறதா என்று மட்டும் முந்தின நாளே சோதித்துக்கொள்ளுங்கள்.

வண்டி நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் ஆயில் ஒரு பக்கம் சாய்ந்து அளவு தப்பாகும். வீட்டில் நான்கு ஸ்டாண்ட் வைத்துத் தூக்குவதைவிட, பள்ளமோ லிஃப்ட்டோ உள்ள தெரிந்த பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்வதே நல்லது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். பள்ளத்தில் இறங்கி நிற்கும்போது இன்ஜின் ஓடப்போகிறது என்பதால் ஷட்டர் திறந்திருக்கட்டும். இல்லாவிட்டால் புகை பள்ளத்துக்குள் தங்கிவிடும்.

நேரம் முக்கியம். காலை ஆறு மணிக்கு ஆரம்பியுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. கடைசியில் ஆயில் அளவைப் பார்க்கும்போது ஆயில் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்க வேண்டும். சில வண்டிகளுக்கு அது 35 முதல் 45 டிகிரி, சிலவற்றுக்கு 50 முதல் 60. உங்கள் வண்டிக்கு எது என்று சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். மே மாதம் மதியம் வெயிலில் நின்ற வண்டியில் ஆயில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே 40-ஐத் தொட்டிருக்கும். ஸ்டார்ட் செய்து கியரைப் போட்டுப் பார்ப்பதற்குள் 45 தாண்டிவிடும், பிறகு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். குளிர்நாட்டுக்காரர்கள் வடிப்பதற்கு முன் வண்டியைச் சூடாக்கச் சொல்வார்கள். நமக்கு அது வேண்டாம். ஏடிஎஃப் மெல்லிய ஆயில். நம் ஊர்க் காலை வெப்பத்திலேயே நன்றாக வடியும்.

இப்போது இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன், ஊற்றும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். முதல் தடவை நான் அப்படிச் செய்யவில்லை. அடியில் கழற்றி ஆயிலை எல்லாம் வடித்துவிட்டு மேலே போனால் ஊற்றும் போல்ட் இறுகிக் கிடந்தது. கீழே ஆயில் இல்லாத வண்டி, மேலே திறக்காத வாய். வண்டியை அங்கிருந்து நகர்த்தவும் வழியில்லை. துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, ஆறு முனை சாக்கெட் கடன் வாங்கி வந்து, சாயந்திரம்தான் திறந்தது. மேலே திறந்த பிறகே கீழே கை வையுங்கள்.

மேல் போல்ட் கழன்றதும் சுற்றியுள்ள புழுதியைத் துடைத்து, வாயைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள். கீழே தட்டை வைத்து வடிக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். முதலில் பீறிட்டு வரும், பிறகு நூலாகும், கடைசியில் சொட்டும். பதினைந்து, இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். சில வண்டிகளில் வடிக்கும் போல்ட்டுக்கு உள்ளேயே அளவு பார்க்கும் குழாய் இருக்கும், அதையும் கழற்றினால்தான் முழுசாக வடியும்.

சொட்டுகிற நேரத்தில் அந்தப் போல்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனியில் காந்தம் இருந்தால், அதில் விபூதியைத் தண்ணீரில் குழைத்தது போலச் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேயுங்கள். மை போல வழவழவென்று இருந்தால் அது இயல்பான தேய்மானம், கவலை இல்லை. நறநறவென்று உறுத்தினால், வெளிச்சத்தில் திருப்பும்போது துகள் மின்னினால், ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கியர்பாக்ஸ் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். என் வண்டியில் முதல் தடவை காந்தம் முழுக்க மூடுகிற அளவு பசை இருந்தது. இரண்டாம் தடவை ஒரு மெல்லிய படலம்தான். அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்த பிறகு இந்த வேலையில் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

உள்ளே குழாயைக் கழற்றியிருந்தால் அதை முதலில் திரும்ப மாட்டுங்கள். போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு, கையால் பாதி திருகி, பிறகு டார்க் ரெஞ்சில் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். கியர்பாக்ஸ் உடம்பு அலுமினியம். பலம் காட்டி இறுக்கினால் மரை வழன்றுவிடும், அதன் பிறகு செலவு வேறு கணக்கு.

வடிந்த ஆயிலைப் பாட்டில்களில் ஊற்றி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 3.6 லிட்டர் வந்தால் 3.6 லிட்டர் புது ஆயில் உள்ளே போக வேண்டும், அத்தோடு ஒரு கால் லிட்டர் கூடுதலாக. கூடுதல் எதற்கு என்பது அடுத்த படியில் தெரியும். புனல் ஹோஸை மேல் வாயில் சொருகி மெதுவாக ஊற்றுங்கள். அவசரப்பட்டால் காற்று அடைத்துப் பொங்கி வெளியே வழியும்.

அளவு பார்ப்பது

இந்த வேலையில் பாதி மார்க் இதற்குத்தான். ஸ்கேனரை மாட்டி இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் நான்கைந்து நொடி நிறுத்தி, மறுபடி பி-க்கு வாருங்கள். இரண்டு முறை செய்தால் ஆயில் எல்லா வழிகளிலும் போய்ச் சேர்ந்துவிடும். லிஃப்ட்டில் சக்கரம் தரையில் படாமல் நின்றால் சக்கரங்கள் சுற்றும். யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. பிறகு பி-யில் போட்டு இன்ஜினை ஓடவிட்டே போனில் வெப்பத்தைப் பாருங்கள்.

குறிப்பிட்ட வெப்பத்தின் கீழ் எல்லையைத் தொட்டதும், அளவு பார்க்கும் போல்ட்டைத் திறவுங்கள் (உள்ளே குழாய் உள்ள வண்டிகளில் வடிக்கும் போல்ட்டேதான் அது). இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஊற்றிய அந்தக் கூடுதல் கால் லிட்டர் இப்போது பென்சில் கனத்துக்கு வழியும், பிறகு மெலிந்து நூலாகிச் சொட்டாகும். சொட்ட ஆரம்பித்த கணம்தான் சரியான அளவு. அப்போதே மூடிவிடுங்கள். திறந்ததும் ஒன்றுமே வரவில்லை என்றால் ஆயில் குறைவு. மேலே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சொட்டவையுங்கள். அதற்குள் வெப்பம் மேல் எல்லையைத் தாண்டிவிட்டால் மூடி, இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு மறுபடி.

வெப்பம் ஏன் அவ்வளவு முக்கியம்? ஆயில் சூட்டில் விரியும். குளிர்ந்திருக்கும்போது சொட்டும்வரை நிரப்பினால், ஓட்டும்போது விரிந்து மட்டம் ஏறி, உள்ளே சுற்றும் பாகங்களில் அடிபட்டு நுரைக்கும். நுரைத்த ஆயிலில் அழுத்தம் நிற்காது. அதிகச் சூட்டில் பார்த்தால், விரிந்த ஆயில் தேவைக்கு மேல் வழிந்துவிடும், ஆறியதும் குறைவாக இருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டுத் திறப்பது இன்னும் மோசம். மேலே சுற்றிக்கொண்டிருந்த ஆயில் அடித்தட்டுக்கு இறங்கி, ஒரு லிட்டருக்கு மேல்கூடக் கொட்டிவிடும்.

கியர் ஆயில் அளவைப் பார்க்கும் கம்பி (டிப் ஸ்டிக்) உள்ள வண்டிக்காரர்களுக்கு இது சுலபம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவந்து, சமதளத்தில் இன்ஜின் ஓடும்போதே இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். சூட்டுக்கான இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் போதும்.

ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அடித்தட்டைக் கழற்றி மாற்றக்கூடிய ஃபில்டர் உள்ள வண்டி என்றால் முதல் முறை மாற்றும்போதே ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். கியர்பாக்ஸைப் பிரித்தால்தான் ஃபில்டர் கைக்கு வரும் வண்டிகளும் உண்டு, அங்கே அதைத் தொடவே வேண்டாம். சில சிவிடி கார்களில் ஆயில் எவ்வளவு கெட்டது என்று கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருக்கும். மாற்றிய பிறகு ஸ்கேனரால் அந்தக் கணக்கைப் பூஜ்யமாக்க வேண்டும்.

முடிந்த பிறகு

மெதுவாக ஒரு சுற்றுப் போய் வாருங்கள். முதல் சில கிலோமீட்டரில் கியர் விழுவதில் சின்ன மாற்றம் தெரியலாம், பழகிவிடும். இழுவை, நழுவல், புது இரைச்சல் எதுவாவது இருந்தால் உடனே நிறுத்தி அளவை மறுபடி பாருங்கள்.

வடித்த ஆயிலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். சட்டப்படி அது ஆபத்தான கழிவு. தோல் பதனிடும் கழிவால் நம் பாலாறு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்; வேலூர்க்காரர்கள் தொடுத்த வழக்கில்தான் 1996-இல் 'மாசு செய்தவனே விலை கொடுக்க வேண்டும்' என்பதை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஊரில் இருந்துகொண்டு நாமே நான்கு லிட்டர் ஆயிலை மண்ணில் விடலாமா? புது ஆயில் வந்த டப்பாவிலேயே பழசை ஊற்றி மூடி, கழிவு ஆயிலை மறுசுத்திகரிப்புக்கு அனுப்புகிற பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

தேதி, கிலோமீட்டர், ஆயில் குறியீடு, ஊற்றிய அளவு நான்கையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். அன்று ராத்திரி வண்டியை நிறுத்தும்போது கியர்பாக்ஸுக்கு நேர் கீழே ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் சிவப்புப் பொட்டு இருந்தால் வாஷரைப் பாருங்கள். வெறும் அட்டையாக இருந்தால் இரண்டாவது முறை வடிக்கிறவரை வண்டியைத் தாராளமாக ஓட்டலாம்.